பக்கம் திருப்பினாலும் போகாத புள்ளி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: அப்டேட்டுக்குப் பின் ரீடர் திரையில் முந்தைய பக்கத்தின் நிழல் தங்குவது, ‘பக்கத்துக்குப் பக்கம் ரெஃப்ரெஷ்’ வசதியைத் திரும்பத் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வேலூரில் இருந்துகொண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்தால் கண் எரிகிறது என்று 2 வருடங்களுக்கு முன் காகிதம் போலத் தெரியும் திரை கொண்ட உங்கள் இ-இங்க் ரீடரை (மின்னூல் படிக்கும் கருவி) வாங்கினேன். போன மாதம் வரை ஒரு குறையும் இல்லை. பக்கம் திருப்பும்போதெல்லாம் திரை ஒருமுறை கறுத்து வெளுக்கும். ‘கண்ணடிக்குது’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், இரவோடு இரவாக அப்டேட் ஆகியிருந்தது. செட்டிங்ஸில் ‘பக்கத்துக்குப் பக்கம் ரெஃப்ரெஷ்’ என்ற வரியையே காணோம். இப்போது திரை எப்போது கறுத்து வெளுக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துகொள்கிறது. எண்ணிப் பார்த்தேன்: சில சமயம் 10 பக்கத்துக்கு ஒருமுறை, சில சமயம் 15 பக்கம் ஆனாலும் இல்லை. இடையில் முந்தைய பக்கத்தின் நிழல் திரையில் தங்கிவிடுகிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்தில் வரிகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில்தான் வரும். அதனால் முந்தைய பக்கத்து மெய்யெழுத்துகளின் புள்ளிகள், இந்தப் பக்கத்து எழுத்துகளின் தலைமேல் சரியாக வந்து உட்காருகின்றன. ஆங்கிலப் புத்தகத்தில் இது லேசான அழுக்காகத் தெரிந்துவிட்டுப் போகலாம். தமிழில் எழுத்தே மாறிவிடுகிறது. ‘பல’ என்பது ‘பல்’ ஆகிறது.

சென்ற வாரம் நடந்தது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள். 48ஆம் பக்கத்தில் ‘என் அப்பா சொன்னார்’ என்று படித்தேன், விட்டுவிட்டேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகு அவர் போன் செய்தார்: “என்னங்க, ‘என அப்பா சொன்னார்’னு வந்திருக்கே?” ரீடரில் 47இலிருந்து 48க்குத் திருப்பினேன், ‘ன’ மேல் புள்ளி இருந்தது. முகப்புக்குப் போய்த் திரும்பி வந்தேன், புள்ளி போய்விட்டது! பிழையை உங்கள் திரை திருத்தி வைத்திருக்கிறது, நான் ஏமாந்திருக்கிறேன். அந்த வேலைக்குக் கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கஸ்டமர் கேரில் மூன்று பதில்கள் கிடைத்தன. முதலாவது, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாவது, குளிரான இடத்தில் வைத்தால் இப்படி ஆகும். குளிரில் திரை மந்தமாகும் என்பது உண்மைதான், ஆனால் வேலூரில் மே மாதத்தில் குளிரை நான் எங்கே போய்த் தேடுவது? மூன்றாவது, வாரண்டி முடிந்துவிட்டது.

திரை கெடவில்லை என்பதுதான் என் கட்சியே. அதற்குள் தலைமுடிக் கனமே உள்ள குமிழிகள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். மின்னழுத்தத்தின் திசையைப் பொறுத்து ஒரு நிறம் மேலே வரும், மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும். முழுத் திரையையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒருமுறை ஓட்டி எடுத்தால்தான் பழையது சுத்தமாக விலகும். அதற்கு அரை நொடி போல ஆகும். அதை மிச்சம் பிடிக்க மாற வேண்டிய இடத்தை மட்டும் மாற்றினால், சில துகள்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நிழல் அதுதான். முகப்புக்குப் போய் வந்தால் அது மறைகிறது என்றால் திரை நன்றாக இருக்கிறது, கெடுத்தது நீங்கள் அனுப்பிய சாஃப்ட்வேர். அதற்கு வாரண்டிக் கணக்கு எதற்கு?

பேட்டரி மிச்சமாகும் என்று அப்டேட் குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். சரி, வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போடுவதில் சிரமமில்லை. 200 பக்க மெய்ப்புக்கு 200 தடவை முகப்புக்குப் போய் வருவதுதான் சிரமம்.

பழைய வசதியைத் திரும்பக் கொடுங்கள். அல்லது முந்தைய சாஃப்ட்வேரையே போட்டுக் கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால் ரீடரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

48ஆம் பக்கத்தைப் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் எடுத்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். பதில் எழுதுபவர் தயவுசெய்து அவற்றைப் பார்த்துவிட்டு எழுதவும். ரீஸ்டார்ட் ஏற்கெனவே செய்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.