புது வீட்டில் பால் காய்ச்சினாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. உனக்கு அனுப்பிய பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் ‘வீடு மாறிவிட்டார்கள்’ என்று திரும்பி வந்துவிட்டன. ஃபோனில் கேட்டால், ‘மீட்டிங்மா, அப்புறம் பேசுறேன்’ என்கிறாய். சரி, எழுதியாவது கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

வீடு மாறுவது நமக்குப் புதிதா? மண்டபம், மானாமதுரை, செங்கோட்டை, விருதுநகர் என்று அப்பாவுக்கு ஆர்டர் வந்த இடத்துக்கெல்லாம் போனவர்கள்தானே. பரண்மேல் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. வெள்ளை பெயிண்டில் ‘ஸ்டேஷன் மாஸ்டர், விருதுநகர்’. உற்றுப் பார்த்தால் அடியில் செங்கோட்டை, அதற்கும் அடியில் ‘மானமதுரை’. ஒரு காலை விழுங்கிவிட்டு எழுதியவள் நீதான். மண்டபத்துக் கடற்காற்றில் பிடித்த துரு மூலையில் அப்படியே இருக்கிறது. அப்போதெல்லாம் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் பாம்பன் பாலத்தில் வண்டியை விடமாட்டார்கள். அப்பா ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் இருப்பார், நீ என் சேலையை விடமாட்டாய்.

எங்கே போனாலும் முதல் வேலையாகப் பால் காய்ச்சுவோம். சாமான் எல்லாம் வாசலில் கிடக்கும், ஸ்டவ் மட்டும் உள்ளே போகும். நீ காய்ச்சினாயா? மாப்பிள்ளை லீவு போட்டாரா? சாமான் இறக்கும்போது கூட யார் இருந்தார்கள்? ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸுக்கு ரசீது வாங்கிக்கொள். அக்ரிமெண்ட் யார் பேரில் போட்டிருக்கிறது?

‘எனக்குச் சொந்த ஊரே இல்லை’ என்று காலேஜில் அழுதாயாம், அண்ணன் அப்போதே சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போது அப்பாவை விருதுநகருக்குப் போட்டார்கள். உன் படிப்பைக் காரணம் காட்டி, இரண்டு மாதம் போக மீதிக்கு இரட்டை வாடகை கட்டிச் செங்கோட்டை குவார்ட்டர்ஸை வைத்திருந்தோம். அப்பா விருதுநகரில் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். அதையெல்லாம் நீ யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாய். ஆனால் ஒன்று, ஒரு எழுத்து தெரியாமல் ஹைதராபாத் போய் ஒரே வருஷத்தில் காய்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசினாயே, பக்கத்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

இங்கே நம் கூடல்நகர் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு பேங்க்காரர் வந்தார். நல்ல வாடகை. அப்பா கொடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் ஆளைக் கூப்பிட்டு மாடிக்கு இன்வெர்ட்டர் லைன் இழுத்தார். தனி வாசல், தனி மீட்டர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

ரசீதை மறந்துவிடாதே. வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதே. ராத்திரி உள் தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப்பாலம் திறந்ததிலிருந்து அப்பாவுக்கு அதில் ஒரு தடவை போய்வர ஆசை. இந்த வருஷ ரயில்வே பாஸில் ஒரு செட்டை அதற்கென்று எடுத்து வைத்திருந்தார். நேற்று அவரே, ‘பாலம் எங்கே போகுது, பாப்பா ஊருக்கு எழுதிடவா?’ என்று கேட்டார். நான் மட்டும் வரட்டுமா, அப்பாவையும் கூட்டி வரட்டுமா? அதை மட்டும் சொல், மற்றதை வந்து பேசிக்கொள்ளலாம்.

அம்மா