எம்பிக்களே, மசோதா பேரை மட்டும் வச்சு நாங்க என்ன பண்றது?

தமிழ்நாட்டுல இருந்து டெல்லிக்குப் போயிருக்கிற 39 லோக்சபா எம்பிக்களுக்கும் 18 ராஜ்யசபா எம்பிக்களுக்கும், கட்சி பேதம் பாக்காம எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவிச்சதும் வழக்கம்போல ஒரு பட்டியல் வரும், இந்தத் தடவை அரசு கொண்டு வரப்போற மசோதா இதெல்லாம்னு. லோக்சபா புல்லட்டின் இரண்டாம் பாகத்துல போடுவாங்க. அந்த பிடிஎஃப்பை திறந்து பாத்திருக்கீங்கல்ல, வரிசை நம்பர், மசோதா பேரு, பக்கத்துல அது எதுக்குன்னு ஒண்ணு ரெண்டு வரி, இன்ன வருஷத்து இன்ன சட்டத்தை திருத்தறதுக்குன்னு. எந்தப் பிரிவை திருத்தறாங்க, என்ன சேக்கிறாங்க, யாருக்கு அபராதம், எவ்ளோ, ஒண்ணும் இருக்காது. ரேஷன் கடை போர்டுல சரக்கு பேரை மட்டும் எழுதிட்டு இருப்பு எவ்ளோன்னு எழுதாம விட்ட மாதிரி. அன்னிக்கு சாயங்காலமே டிவில "அனல் பறக்கும் கூட்டத்தொடர்"னு ஆரம்பிச்சிருவாங்க, மசோதாவுக்குள்ள என்ன இருக்குன்னு பேசறவங்களுக்கும் தெரியாது கேக்கறவங்களுக்கும் தெரியாது.

நான் உரக்கடை வச்சிருக்கேன், விதையும் விக்கிறேன். 2025 நவம்பர்ல ஒன்றிய வேளாண் அமைச்சகம் விதை மசோதாவோட வரைவை வெளியிட்டு டிசம்பர் 11 வரைக்கும் கருத்து சொல்லலாம்னு டைம் குடுத்துச்சு. நல்ல விஷயம், இல்லேன்னு சொல்லல. ஆனா தமிழ்ல அது எங்க கைக்கு வரல, வந்ததெல்லாம் வாட்ஸப் ஃபார்வர்டுதான். கடைக்கு வர்ற ஒரு பெரியவர் "ஏம்ப்பா, வீட்டு வெண்டை விதையை பக்கத்து தோட்டத்துக்காரனுக்கு குடுத்தா கேஸாமே?"ன்னு கேட்டாரு, பாவம் நெஜமாவே பயந்துட்டாரு. வரைவை எடுத்து இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறி படிச்சுப் பாத்தா, விவசாயி தன்னோட விதையை சேத்து வைக்கலாம் மாத்திக்கலாம் விக்கக்கூட செய்யலாம், பிராண்டு பேரு போட்டு விக்கிறதுதான் கூடாதுன்னு இருக்கு. அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அதே வரைவுல என்னை மாதிரி கடைக்காரங்களையும் சின்னச் சின்ன விதை உற்பத்தியாளர்களையும் தொடுற சமாச்சாரம் நெறைய இருக்கு, ரகங்களை பதிவு பண்றது, பாக்கெட்ல கியூஆர் கோடு, பெரிய தப்புன்னா 30 லட்சம் வரைக்கும் அபராதம். இதைப் பத்தி எங்க ஏரியால ஒரு கூட்டம், ஒரு நோட்டீஸ் கிடையாது. பயப்பட வேண்டாத விஷயத்துக்கு ஊரே பயந்துச்சு, கேள்வி கேக்க வேண்டிய விஷயத்தை யாருமே கேக்கல.

சரி, இதுலயாவது வரைவுன்னு ஒண்ணு வந்துச்சு. பட்டியல்லயே இல்லாம வர்ற மசோதாவுக்கு என்ன சொல்றீங்க?

2023 செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தொடரை எடுத்துக்கங்க. மொதல்ல எதுக்கு கூட்டறாங்கன்னே சொல்லல, அப்புறம் வந்த லிஸ்ட்ல தபால் ஆபீஸ் மசோதா, வக்கீல் சட்ட திருத்தம்னு என்னென்னமோ இருந்துச்சு. 19ஆம் தேதி புது கட்டடத்துக்குள்ள போனதும் அன்னிக்கு சபைல எடுக்கப்போற வேலைக்கு துணைப் பட்டியல்னு ஒரு தாள், அதுல மகளிர் இட ஒதுக்கீடு மசோதா. 20ஆம் தேதி லோக்சபா, 21ஆம் தேதி ராஜ்யசபா, முடிஞ்சுபோச்சு. இவ்ளோ அவசரமா நிறைவேத்துன சட்டம் எப்போ அமலுக்கு வரும்னா, மக்கள்தொகை கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்சப்புறம்னு அதுலயே எழுதியிருந்துச்சு! தொகுதி மறுவரையறைன்னா நம்ம மாநிலத்துக்கு எவ்ளோ பெரிய தலைவலின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் மசோதா. ரம்மில காசை விட்டுட்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த கதை எங்க ஊர்லயும் இருக்கு, அதனால தடையை நான் குறை சொல்லல. ஆனா 20ஆம் தேதி அறிமுகம் பண்ணி அன்னிக்கே லோக்சபால பாஸ், 21ஆம் தேதி ராஜ்யசபா, 22ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. கூட்டத்தொடர் ஆரம்பத்துல குடுத்த பட்டியல்ல இது கிடையாது. இதே விஷயத்துக்கு நம்ம சட்டசபை 2022 அக்டோபர்ல மசோதா போட்டு, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சுல மறுபடி நிறைவேத்தின்னு மாசக்கணக்கா இழுத்துச்சு, அந்த இழுபறில கடுப்பு வந்தாலும் டீக்கடை வரைக்கும் சட்டத்துல என்ன இருக்குன்னு ஜனங்க பேசுனாங்க. டெல்லில முடிஞ்ச அந்த மூணு நாள்ல யாரு என்ன பேச முடிஞ்சுது, சொல்லுங்க.

அவசரத்துல என்ன நழுவும்ங்கறதுக்கு டிஜிட்டல் தனிநபர் தரவு மசோதாவை பாருங்க. 2023 ஆகஸ்ட் 3 அறிமுகம், 7 லோக்சபா, 9 ராஜ்யசபா. பேரை பாத்தா ஏதோ செல்போன் ஆப், கம்பெனிக்காரன் சமாச்சாரம்னு தோணும். உள்ள 44ஆவது பிரிவோட 3ஆவது உட்பிரிவுல, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோட 8(1)(ஜெ)வை மாத்திட்டாங்க. முன்னாடி, தனிப்பட்ட தகவலா இருந்தாலும் பொதுநலன் இருக்குன்னு அதிகாரி நெனச்சா குடுக்கலாம்னு அந்தப் பிரிவுலயே இருந்துச்சு, இப்போ அது போயி "தனிநபர் தகவல்"ன்னா மறுக்கலாம்னு ஒத்த வரி ஆகிப்போச்சு. அதே தகவல் உரிமைச் சட்டத்தோட 8(2)ல பொதுநலன் பத்தி இன்னும் இருக்குன்னு அரசு சொல்லுது, இருக்குதான், ஆனா குடுக்க வேணாம்னு நெனைக்கிற ஆளுக்கு மொதல் வரி போதும். ரோடு கான்ட்ராக்ட் யாருக்குப் போச்சு, பயனாளி லிஸ்ட்ல யாரு பேரு இருக்குன்னு மனு போடறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய அடின்னு ஊர்ல மனு போட்டுப் பாத்தவங்களைக் கேளுங்க. புல்லட்டின்ல வர்ற ரெண்டு வரிய படிச்சு இதை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

இத்தனைக்கும் அரசு தனக்குத் தானே போட்டுக்கிட்ட விதி ஒண்ணு இருக்கு. 2014ல முடிவு பண்ண சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை. வரைவு மசோதாவை குறைஞ்சது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும், எதுக்கு இந்த சட்டம், செலவு எவ்ளோ, யாரோட வாழ்வாதாரம் பாதிக்கும்னு கூடவே சொல்லணும், வந்த கருத்தோட சுருக்கத்தை இணையத்துல போடணும். முடியலேன்னா காரணத்தை கேபினெட் குறிப்புல எழுதணும், அந்தக் குறிப்பு நம்ம கண்ணுல படாது, அது வேற கதை. கொள்கைதானே, சட்டமில்லையே, அதனால மீறுனாலும் கோர்ட்டுல கேஸ் நிக்காது. மசோதாவை எம்பிக்கள் உக்காந்து அலசற நிலைக்குழுவுக்கு அனுப்பறதும் அப்படித்தான் தேஞ்சுபோச்சு, 15ஆவது லோக்சபால (2009-14) 100 மசோதாவுக்கு 71 குழுவுக்குப் போச்சு, 17ஆவதுல (2019-24) 16.

பட்டியல் முன்கூட்டியே வந்தா என்ன ஆகும்னு நம்ம கடலோரத்துக்குத் தெரியும். 2021 மழைக்காலக் கூட்டத்தொடர் லிஸ்ட்ல இந்திய கடல்சார் மீன்வள மசோதா இருந்துச்சு. ஆழ்கடலுக்குப் போற படகுக்கு லைசென்ஸ், மீறுனா அபராதம்னு விவரம் வெளிய வந்ததும் மீனவ கிராமங்கள்ல போராட்டம், இங்கிருந்து முதல்வர் பிரதமருக்கு கடிதம், கடைசில அந்தக் கூட்டத்தொடர்ல மசோதா தாக்கலே ஆகல. அந்த மாதிரி வாய்ப்பு 2020ல வேளாண் சட்டத்துக்கு கிடைச்சிருந்தா, ஜூன்ல அவசரச் சட்டம், செப்டம்பர்ல குரல் வாக்கு, அப்புறம் ஒரு வருஷமா விவசாயிங்க டெல்லி எல்லைல ரோட்டுல கெடந்து, 2021 நவம்பர் 29ஆம் தேதி விவாதமே இல்லாம ரத்துங்கற கூத்தெல்லாம் நடந்திருக்குமா.

இப்போ உங்க பக்கம் வர்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆளுங்கட்சி கூட்டணில இருந்தாலும் சரி எதிர்வரிசைல இருந்தாலும் சரி, சபைல பதாகை புடிச்சு கோஷம் போட்டுட்டு வெளிநடப்பு செய்ற நேரத்துலதான் பாதி மசோதா நைசா பாஸ் ஆகுது, அது உங்களுக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். வெளிய வந்து மைக் முன்னாடி பேசறது நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பேச்சு சபைக் குறிப்புல ஏறாது. அப்புறம் இங்க சட்டசபைலயும் என்ன வாழுது? 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடர் கடைசி நாள், 12 மணி நேர வேலை மசோதா குரல் வாக்குல பாஸ், கூட்டணிக் கட்சிங்களே வெளிநடப்பு, மூணே நாள்ல நிறுத்தி வச்சு மே தினத்தன்னிக்கு வாபஸ். அதே நாள்ல பாஸான நில ஒருங்கிணைப்பு மசோதாவை அவ்ளோ பேரு கவனிக்கக்கூட இல்ல. டெல்லிக்கு ஒரு நியாயம் சென்னைக்கு ஒரு நியாயம்னு இருந்தா உங்க கேள்விக்கு அங்க என்ன மரியாதை இருக்கும்?

கூட்டத்தொடருக்கு முன்னாடி அனைத்துக் கட்சிக் கூட்டம்னு கூப்பிடுவாங்கல்ல, அதுல ஆளுக்கு பத்து கோரிக்கை வைக்காம 57 பேரும் சேந்து ஒண்ணே ஒண்ணை கேளுங்க: பேரு பட்டியல் கூடவே வரைவையும் குடு, 30 நாள் முன்னாடி குடு, மாநில மொழில குடு. எட்டாவது அட்டவணைல தமிழ் இருக்கு, மசோதா மட்டும் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் வந்தா அந்த பெரியவர் என்னத்த படிப்பாரு. அரசு தமிழ்ல குடுக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம், உங்க ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயும் உதவியாளர் இருக்காங்க, ஆளுக்கு ஒரு மசோதா பிரிச்சுக்கிட்டாலே நாலு பக்கம் தமிழ்ல சுருக்கம் எழுதிப் போட்டுடலாம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தொகுதிப் பக்கம் வர்றீங்க, அந்த நாள்ல ஒரு மணி நேரம் விவசாயி, கடைக்காரர், மீனவர்னு சம்பந்தப்பட்டவங்களை உக்கார வச்சு கேட்டுட்டுப் போங்க, அப்புறம் சபைல பேசும்போது உங்க கைல சரக்கு இருக்கும்.

பட்டியல்ல இல்லாதது திடீர்னு வந்தா கத்தறதோட விட்டுராதீங்க. சபாநாயகரோட வழிகாட்டுதல் 19ஏ படி மசோதா அறிமுகத்துக்கு அமைச்சர் 7 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், 19பி படி ரெண்டு நாள் முன்னாடி பிரதி உங்க கைக்கு வரணும். விதிவிலக்கு கேட்டா அதுக்கு அமைச்சர் காரணம் எழுதிக் குடுக்கணும், அந்தக் காரணம் என்னன்னு எந்திரிச்சு கேளுங்க, குறிப்புல ஏறட்டும், நாங்க படிச்சுக்கறோம். அறிமுகத்தையே எதிர்க்கணும்னா லோக்சபா விதி 72 இருக்கு, அன்னிக்கு காலைல 10 மணிக்குள்ள நோட்டீஸ் குடுத்தாகணும். துணைப் பட்டியல் எப்போ வருமோ தெரியாது, தினம் யாராவது ஒருத்தர் முறை வச்சாவது சீக்கிரம் எந்திரிச்சு பாத்துருங்க.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டு போட்ட ஒரு உரக்கடைக்காரன்