தூணை மட்டுமல்ல, நில வாட்டத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

காரைக்குடி வட்டாரத்தில் பெருகிவரும் ‘செட்டிநாட்டுப் பாணி’ புது வீடுகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ஓட்டுக்கூரையில் விழும் மழையை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) இறக்கி, வடிகால் வழியே ஊருணிக்கு அனுப்பிய மனையமைப்பை விட்டுவிட்டு, பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் மட்டும் நகலெடுப்பது அலங்காரமே தவிர, மண்ணறிந்த கட்டடக்கலை ஆகாது. சென்ற ஐப்பசியில் எங்கள் வளவில் கொட்டிய நீர் கல் தூம்பு வழியாக அரை மணி நேரத்தில் வடிந்துவிட, கிராவல் கொட்டி மேடாக்கிய அடுத்த மனையின் தண்ணீர் தெருவில் கணுக்கால் அளவு நின்றது (அங்கும் வாசலில் நான்கு தூண்கள் உண்டு!).

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்தான். அத்துடன், அனுமதிக்குத் தரும் வரைபடத்தில் மனையின் வாட்டத்தையும் (நீர் ஓடும் சரிவையும்) அருகிலுள்ள ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் குறித்துக் காட்டுவதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், கானாடுகாத்தான்