ஜிக்கை அனுப்பவா, வைக்கவா

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாய் அனுப்பினால் நீ பாதியில் விட்டுவிடுவாய் என்று தம்பி சொன்னான், அதுதான் ஈமெயில். சுகமாய் இருக்கிறாயா. இங்கே மைனஸ் 24. கறிவேப்பிலைச் செடியை அம்மா ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்திருக்கிறா, போன கிழமை இரண்டு புது இலை விட்டது, அதையும் படம் எடுத்து மாமிக்கு அனுப்பியாயிற்று. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பி இன்னும் விண்டர் டயர் மாற்றாமல் திரிகிறான், நீ ஒருதரம் எடுத்து ஏசு, என் சொல்லை அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, எழுத வந்த விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கராஜை ஒதுக்கும்போது உன் ஜிக் அகப்பட்டது, ஐஸ் ஸ்கேட்டை இறுக்கி வைத்து பிளேடு தீட்டுகிற அந்தச் சட்டம். அகப்பட்டது என்ன, எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்தானே. பெரிய கல், பிசிர் எடுக்கிற சின்னக் கல், எண்ணெய்ப் போத்தல், நீ துடைக்க வைத்திருந்த பழைய ரீசேட் துண்டு எல்லாம் அதே நீலப் பெட்டிக்குள். அடுத்தமுறை வந்து எடுக்கிறேன் என்றாய், அடுத்தமுறை வந்தாய், எடுக்கவில்லை. அங்கே யாருடைய ஜிக்கில் தீட்டுகிறாய்? இரவல் ஜிக் சரிவராது பிள்ளை, ஒவ்வொருவரும் தங்கள் பிளேடுக்கு ஏற்ற மட்டத்தில் வைத்திருப்பார்கள். அனுப்பவா, இங்கேயே வைக்கவா, அதை மட்டும் எழுது. பாரம்தான், செலவைப் பற்றி யோசிக்காதே.

ஓடி முடிந்தவுடன் பிளேடைத் துடைத்து வை. ஈரத்தோடு உறைக்குள் போட்டால் ஒரே இரவில் துருப்புள்ளி விழுந்துவிடும்.

ஃபெம்கே கொக் ஓடியதைப் பார்த்திருப்பாய். நவம்பர் 16, சோல்ட் லேக் சிட்டி, ஐஸில் 500 மீட்டர் 36.09 விநாடி, புது உலக சாதனை. நான் போனில் நாலு தரம் பார்த்தேன். கொரியாக்காரி லீ சாங்-ஹ்வாவின் பழைய சாதனை 36.36 என்ற எண்ணை நீ ஒன்பது வயதில் ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாயே, 2013இல், அது 12 வருடமாய் அசையவில்லை, காகிதமும் அசையவில்லை. மாற்றி எழுதிவிடவா என்று அம்மா கேட்டா. விடுங்கோ, பிள்ளை வந்து தன் கையால் எழுதட்டும் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நின்ற நிலையில் இருந்து புறப்பட்டும் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு ஒரு நூல்தான் குறைவு. 0.27 விநாடி ஒரு வித்தியாசமா அப்பா என்று தம்பி சிரித்தான். முடிவுக்கோட்டில் அது 4 மீட்டர் தூரம்டா என்றேன். 2010இல் வான்கூவரில் லீ தங்கம் எடுத்ததே இரண்டு ஓட்டத்தையும் கூட்டி 76.09, ஜென்னி வொல்ஃப் 76.14, அந்த வித்தியாசம் ஒரு கண் சிமிட்டலுக்கும் காணாது. அவனுக்கு எங்கே இது விளங்கப்போகிறது.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் 500ஐ இரண்டு தரம் ஓடவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம். ஒருதரம் கடைசி வளைவு உள்ளே, ஒருதரம் வெளியே, இரண்டு பேருக்கும் ஒரே நியாயம். உள் வளைவு ஒடுக்கம், முழு வேகத்தில் வந்து அதில் நுழைந்தால் கால் தாங்காது, நீயே எத்தனை தரம் மெத்தையில் போய் மோதியிருக்கிறாய். 2018இல் அதை எடுத்துவிட்டு ஒரே ஓட்டம் ஆக்கிவிட்டார்கள். ஒரு வெடி, முப்பத்தேழு விநாடி, முடிந்தது. நாலு வருட உழைப்புக்கு.

கியூபெக்கில் நேரம் கூடக் காட்டினால் மனம் விடாதே. சோல்ட் லேக் 1,400 மீட்டருக்கு மேலே, எங்கள் கல்கரி 1,000க்கு மேலே, காற்று ஐதாய் இருக்கும், உடம்பைப் பிடித்து இழுக்காது. நீ வளர்ந்தது அந்த ஐஸில். 1994இல் பொனி பிளேர் 500ஐ 39 விநாடிக்குள் ஓடிய முதல் பெண்ணானதும் இதே ஓவல் மண்டபத்தில்தான். அங்கே ஆற்றங்கரையில், கடல் மட்டத்தை ஒட்டி ஓடிவிட்டு இங்கத்தைய நேரத்தோடு ஒப்பிடக் கூடாது.

நேரம் கூடக் காட்டினால் என்று எழுதுகிறேன். காட்டினால்தானே. பிள்ளை, நான் அந்தப் போட்டிப் பெயர்ப் பட்டியல்களைப் பார்க்கிறதில்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். பார்க்கிறேன். ஒக்டோபரில் இல்லை. நவம்பரிலும் இல்லை. எழுத்துப் பிழையாய் இருக்குமோ என்று எங்கள் பெயரை அவர்கள் எப்படியெல்லாம் பிழையாய் எழுதுவார்களோ அப்படியெல்லாம் தேடினேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிரெஞ்சுப் படிப்புக் கஷ்டம், பரீட்சை இருக்கும், குதிகாலில் நோவாய்க்கூட இருக்கும், இருந்தால் அம்மாவிடமாவது சொல்லு, அவ பயப்பட மாட்டா.

அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ ஒரு இதயப் படம் அனுப்பினாய். ஐந்து நிமிடம் கதைக்க இல்லையா உனக்கு? அவ அந்த இதயத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தா, பார்க்க எனக்கு அந்தரமாய் இருந்தது. நாங்கள் அப்படியா உன்னை வளர்த்தோம். சரி, விடு.

கோயிலில் போன வெள்ளி ஒருவர் கேட்டார், ஐஸில் டான்ஸ் ஆடுகிற பிள்ளை உங்களுடையதுதானே என்று. பத்து வருடமாய்ச் சொல்கிறேன், டான்ஸ் இல்லை ஐயா, ஓட்டம். பதினேழு வயதில் 500 மீட்டரை 39.8இல் ஓடியவள் என்றேன். அவருக்கு அது கூடவா குறையவா தெரியவில்லை, நல்லது நல்லது என்று விபூதியைத் தந்துவிட்டுப் போனார். எனக்குத்தான் வீடு வரும்வரை நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. இரவு வேலை முடிந்து நேரே உன்னைக் கூட்டிக்கொண்டு ஓவலுக்கு வந்து, தெர்மோஸில் தேத்தண்ணியோடு மேலே இருந்தால், கண்ணை மூடினாலும் நீ எந்தப் பக்கம் ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். குதி மேலே எழும்பி பிளேடு திரும்ப வந்து அடிக்கிற அந்த டக், டக், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாளம். உன் இடதுகால் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நான்தான் கண்டுபிடித்தேன், உன் கோச் இல்லை.

தீட்டுவதும் நான்தான் காட்டித்தந்தேன் என்று மறந்துவிடாதே. லேத்தில் நின்றவனுக்கு இரும்பு விளங்கும். இரண்டு சப்பாத்தையும் தலைகீழாய் ஜிக்கில் இறுக்கி, 1.1 மில்லிமீட்டர் விளிம்பு இரண்டும் வானத்தைப் பார்க்க, கல்லை நீட்டுக்கு நாற்பது தரம், மூலைக்கு மூலை இருபது தரம். பிறகு பக்கத்தில் பெருவிரல் நகத்தை வைத்து இழுத்தால் பிசிர் தடக்கும், அதைச் சின்னக் கல்லால் எடுக்காமல் விட்டால் அவ்வளவு வேலையும் வீண். நீ நகத்தைச் சிவப்பாய்ப் பூசிக்கொண்டு வந்து, பிசிர் வடிவாய்த் தெரிகிறது அப்பா, பூச்சில் கோடு விழுகிறது என்றாய். அதுவும் ஒரு வழிதான் என்று நினைத்தேன். துடைத்து வை, எண்ணெய் ஒரு துளி போதும்.

எரின் ஜாக்சன் கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். 2022 ஜனவரியில் மில்வாக்கியில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் வழுக்கி மூன்றாவதாய் வந்தாள், உலகத்தில் முதலிடத்தில் இருந்தவள். இடம் இரண்டுதான். முதலாவதாய் வந்த பிரிட்டனி போ தன் 500 இடத்தைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேரும் புளோரிடாவில் ஒரே ஊர், ஒகாலா, ஐஸ் இல்லாத ஊர், சில்லு ஸ்கேட்டில் ஓடிப் பழகியவர்கள். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் ஜாக்சன் 37.04 ஓடித் தங்கம் எடுத்தாள். பிறகு போவுக்கும் ஒரு இடம் கிடைத்தது. ஒரு தேர்வில் பிழைத்தால் எல்லாம் முடிந்துவிடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த ஜனவரியில் இந்தச் செய்தியை உனக்கு அனுப்பினேன், நீ பார்த்தாய், நீலக் கோடு விழுந்தது, மறுமொழி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. உன் தேர்வும் அதே ஜனவரிதான்.

இதை எழுதவென்று இருக்கவில்லை.

2018 ஒலிம்பிக் நினைவிருக்கிறதா, விடியப்புறம் 5 மணி, ரீவிக்கு முன்னால் நீயும் நானும் ஒரே போர்வை, அம்மா நித்திரை. ஜப்பான்காரி நாவோ கொடைரா 36.94 ஓடினாள், மண்டபமே எழும்பிக் கத்தியது. அடுத்த சோடியில் லீ சாங்-ஹ்வா, சொந்த நாட்டில், மூன்றாவது தங்கத்துக்கு. கொடைரா என்ன செய்தாள், தன் ஆட்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சத்தம் போடாதீங்கோ, அவள் ஓடவேண்டும் என்று. நீதான் அதை முதலில் கண்டாய். அப்பா, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்கிறாள் பாருங்கோ என்றாய். பிறகு லீ 37.33க்கு வந்து அழுதுகொண்டு போக, கொடைரா போய்க் கட்டிப்பிடித்து, இரண்டு பேரும் இரண்டு கொடியோடு ஒன்றாய்ச் சுற்றி வந்தார்கள். உனக்குப் பதினாலு வயது. எனக்கு ஐம்பது. இரண்டு பேரும்தான் அந்த விரலைப் பார்த்தோம்.

நாலு வருடம் கழித்து உன் தேர்வன்று நான் மேலே மூன்றாவது வரிசையில் நின்றேன், கையில் ஸ்டொப்வாட்ச். முதல் பிழைப் புறப்பாடு உன்னோடு ஓடிய பிள்ளையுடையது. அதற்குப் பிறகு யார் அசைந்தாலும் வெளியேதான், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ரெடி என்றார்கள். நீ குனிந்து சிலைபோல நின்றாய். அப்போது பின்னால் எங்கேயோ கதவொன்று அடித்தது. நான் வெடி என்று நினைத்தேன் பிள்ளை. ஓடு! என்று கத்திவிட்டேன். வெடிச் சத்தம் கேட்டால் ஓடு என்று வளர்ந்த வாய். கத்திய பிறகுதான் பார்க்கிறேன், துவக்கு இன்னும் வெடிக்கவில்லை, ஆனால் நீ போய்விட்டாய்.

அந்த மண்டபத்தில் அந்தச் சொல் உன் ஒருத்திக்குத்தான் விளங்கியது.

நீ திரும்பி மேலே பார்த்தாய். நான் ஸ்டொப்வாட்சைப் பார்ப்பது மாதிரிக் குனிந்துகொண்டேன். காரில் வரும்போது உனக்குப் பொறுமை காணாது என்று சொன்னேன். பொறுமை காணாது என்று உனக்கு நான் சொன்னேன். வீட்டில் அம்மா கேட்டபோது ஸ்டார்ட்டர் சரியில்லை என்றேன், மாமிக்கும் அதையே சொன்னேன், கோயிலில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். நாலு கோடை போய்விட்டது, நாலாவது குளிர் இது. நீ ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காததால் உனக்குத் தெரியாதாக்கும் என்று சில நாள் நினைப்பேன். கியூபெக்குக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று தெரியும் என்று நினைத்தேன்.

சோல்ட் லேக்குக்கு அடுத்த கிழமை உலகக் கிண்ணம் இங்கே எங்கள் ஓவலிலேயே நடந்தது. கொஞ்சத் தூரம்தான், நான் போகவில்லை. அந்தப் படியில் ஏற மனம் வரவில்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை அனுப்பிவிட்டுப் போய்ச் சொல்லப் போகிறேன், அவ இப்போது புட்டு அவிக்கிறா, அவித்து முடிக்கட்டும்.

தம்பிக்கு டயர் விஷயம் சொல்லு. சாப்பாட்டைத் தவறவிடாதே. ஜிக்கைத் துடைத்து எண்ணெய் போட்டுத் திருகுகளை இறுக்கிவிட்டேன், பெட்டியை இன்னும் ஒட்டவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அது அந்தத் தட்டிலேயே இருக்கட்டும். வேண்டும் என்றால் உன் புது விலாசத்தை அனுப்பு, கதவு எண்ணையும் சேர்த்து, போனமுறை அது இல்லாமல் பலகாரப் பெட்டி திரும்பி வந்துவிட்டது.

அப்பா