நீங்கள் இறங்காத அலெக்சாண்ட்ரியா

அன்புள்ள மாமா,

1989-ல் உங்கள் சரக்குக் கப்பல் அலெக்சாண்ட்ரியாவில் நான்கு நாள் நின்ற கதையைச் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கரையில் இறங்க அனுமதி கிடைக்காமல், டெக்கில் நின்றபடியே கிரேன்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். "உள்ளே ஊர் எப்படி இருந்ததோ" என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பீர்கள். வேலையாகக் கெய்ரோ வந்த இடத்தில் போன சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. காலை ரயிலில் போய் இரவே திரும்பிவிட்டேன். பார்த்ததை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

கெய்ரோ ராம்சேஸ் நிலையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியெல்லாம் நைல் டெல்டாவின் பச்சை வயல்கள். கடைசி நிலையம் என்று நினைத்து அதற்கு முந்தைய சிதி காபரிலேயே இறங்கிவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. கறுப்பும் மஞ்சளுமான டாக்சி ஒன்று கடலோரச் சாலை வழியாக மேற்கே கூட்டிப் போனது. கோர்னீஷ் என்பது அந்தச் சாலையின் பெயர். வலப்பக்கம் முழுக்கக் கடல். அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் கான்கிரீட் கட்டைகளின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். இடப்பக்கம் உப்புக்காற்று தின்ற பழைய கட்டடங்கள், பால்கனிதோறும் துணி காய்கிறது.

மாமா, உங்கள் கப்பல் நின்றது மேற்குத் துறைமுகத்தில். சரக்குக்கானது அது. ஊரின் முகம் கிழக்குத் துறைமுகத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் நிலம் ஒரு காலத்தில் நிலமே இல்லை. ஃபாரோஸ் என்ற தீவு தனியாக இருந்தது. கரையிலிருந்து அதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் கல்லணை போட்டார்கள். இரு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அதன் மேல் தெருக்களும் கடைகளும் இருக்கின்றன. நம் தூத்துக்குடி முயல் தீவு கரையோடு ஒட்டிப்போனதை எனக்குக் காட்டியது நீங்கள்தானே, அதனால் இது எனக்கு உடனே புரிந்தது.

அந்தத் தீவின் முனையில்தான் உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் இருந்தது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் கட்டியது. உயரம் 100 மீட்டருக்கு மேல். நிலநடுக்கங்களில் சரிந்து, 14-ம் நூற்றாண்டில் முற்றிலும் பாழானது. அதே இடத்தில் 1477-ல் சுல்தான் காயித்பே கோட்டை கட்டத் தொடங்கினார், சிதறிக் கிடந்த கற்களையும் எடுத்துக்கொண்டார். கோட்டை வாசலில் சிவப்புக் கிரானைட் கற்கள் இருக்கின்றன. சுற்றிலும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல், நடுவே இது மட்டும் சிவப்பு. கலங்கரை விளக்கத்தின் கல் என்றே அங்கே சொல்கிறார்கள். கை வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் ஜில்லென்று இருந்தது, விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆயிரம் வருடத்துக்கும் மேல் மாலுமிகள் தேடிய வெளிச்சத்தைத் தாங்கிய கல்லாக இருக்கலாம் என்று நினைத்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. கோட்டையை ஒட்டிய கடலுக்கடியில் இன்னும் ஆயிரக்கணக்கான கற்கள் கிடக்கின்றன. 1994-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள்.

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் அன்ஃபூஷி. அங்கே கடற்கரையிலேயே மரப்படகு கட்டுகிறார்கள்! அடிமரமான ஏரா போட்டு, விலா எலும்பு மாதிரி வங்குக்கால் நிறுத்தி, பாதி பலகை அடித்த படகுகள் வரிசையாக நிற்கின்றன. பெரியவர் ஒருவர் பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டிக்கொண்டிருந்தார். நம்ம ஊர் தோணிக்குக் கலப்பத்து அடிக்கிற அதே தாளம். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மொழி தெரியாததால் நானும் அவரும் சிரிப்பதோடு சரி.

அப்புறம் சாப்பாடு. ஐஸ் மேல் மீனைப் பரப்பி வைத்திருக்கிறார்கள், நாமே காட்டி எடை போட்டுச் சுடச் சொல்ல வேண்டும். "பூரி" என்றார்கள். பார்த்தால் நம் மடவை! கோதுமைத் தவிட்டில் புரட்டி அப்படியே நெருப்பில் வைக்கிறார்கள். தோல் கருகினாலும் உள்ளே சதை ஈரமாக, வெள்ளையாகப் பிட்டுக்கொண்டு வருகிறது. எலுமிச்சை, சீரகம், பூண்டு, அவ்வளவுதான் மசாலா. கூட, வெங்காயத்தை நன்றாகச் சிவக்கவிட்டுச் சமைத்த பழுப்புச் சோறு. அத்தை இருந்திருந்தால் புளி கேட்டிருப்பார்.

சாயங்காலம் 2002-ல் திறந்த புது நூலகத்தை வெளியிலிருந்துதான் பார்க்க நேரம் இருந்தது. சூரியன் கடலிலிருந்து பாதி எழுந்த மாதிரி சாய்ந்த வட்டக் கூரை. வெளிச்சுவரில் உலகத்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே நின்றபோது, சேரநாட்டுப் பழைய துறைமுகமான முசிறியின் மிளகை நினைத்தேன். இன்று வியன்னாவில் இருக்கும் 2-ம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று, முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பாலைவனம் தாண்டி நைல் வழியே இந்த ஊருக்குக் கொண்டுவருவதைப் பேசுகிறது. கப்பலின் பெயர் ஹெர்மாபோல்லோன். நாலில் ஒரு பங்கு சுங்கமாம். நம் பக்கத்துச் சரக்கு இங்கே இறங்கி எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, உங்களுக்குத்தான் இறங்க அனுமதி இல்லாமல் போனது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அலெக்சாண்ட்ரியாவின் வரைபடத்தைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு வருவேன். உங்கள் கப்பல் எங்கே நின்றது என்று பேனாவால் குறித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்