மேஜர் பரமேஸ்வரனுக்குப் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குடியரசு தின இணைப்பில், நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். 1947-இல் காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் சோம்நாத் சர்மா தொடங்கி, கார்கிலில் வீழ்ந்த கேப்டன் விக்ரம் பத்ரா வரை ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் படைப்பிரிவும் கொடுத்திருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டுக்கு வந்ததும், இலங்கையில் உயிரிழந்த மேஜர் ஒருவருக்கும் இவ்விருது கிடைத்தது என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். விருது பெற்ற 21 பேரில் தங்கள் கட்டுரையில் பெயரில்லாமல் போனவர் அவர் மட்டுமே. இடம் போதவில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். ஒரு மனிதரின் பெயரை அச்சிட எவ்வளவு இடம் வேண்டும் என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946-இல் மும்பையில் பிறந்து, அங்கேயே கல்லூரிப் படிப்பை முடித்து, சென்னையில் அதிகாரிப் பயிற்சி பெற்று, 1972-இல் மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். வடகிழக்கு மாநிலங்களில் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான பணியில் அனுபவம் பெற்ற பின்னர், இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதி காக்கும் படையில், எட்டாவது மகார் பட்டாலியனுடன் யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். 1987 நவம்பர் 25 அன்று, கந்தரோடைப் பகுதியில் ஆயுதத் தேடுதலை முடித்துக்கொண்டு பின்னிரவில் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணியை, மறைந்திருந்த விடுதலைப் புலிகள் சுற்றிவளைத்துச் சுட்டார்கள். அவர் பின்வாங்காமல், சுட்டவர்களின் பின்புறமாகச் சுற்றிச் சென்று, அவர்கள் எதிர்பாராத திசையிலிருந்து பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும், சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தினார். உயிர் பிரியும் வரை தம் ஜவான்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. இலங்கைப் பணிக்காக வழங்கப்பட்ட ஒரே பரம் வீர் சக்ரா அது.

நான் அப்போது அதே யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேறொரு யூனிட்டில் நாயக்காக இருந்தேன். அவரை நான் நேரில் கண்டதில்லை. அவர் வீழ்ந்த செய்தி முகாம் முகாமாகப் பரவி எங்களிடம் வந்தபோது, அன்றிரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. தமிழ் தெரிந்தவன் என்பதால் தேடுதலின்போது வீட்டுக் கதவைத் தட்டிப் பேசும் வேலையை என்னிடமே கொடுப்பார்கள். என் பாட்டி வயதுடைய பெண்கள் என் மொழியிலேயே என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். அந்த மக்கள் பட்ட துயரத்தை மறுப்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில், எங்களை அங்கே அனுப்ப வழிசெய்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இரு நாட்டின் தலைவர்கள். பரமேஸ்வரனும் இல்லை, நானும் இல்லை. அனுப்பியவர்களின் முடிவைத் தாங்கள் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சியுங்கள். அந்த முடிவுக்காக உயிரைக் கொடுத்தவரின் பெயரை அழிப்பது விமர்சனம் ஆகாது.

இந்த மௌனம் தங்கள் நாளிதழில் தொடங்கியதல்ல என்பதை அறிவேன். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, மாநிலத்தின் முதல்வர் வரவேற்பில் கலந்துகொள்ளவில்லை. நான் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின் எழுந்துபோய் வேறு இருக்கையில் அமர்ந்தார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு பள்ளியில் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற அழைத்தார்கள். பேசத் தொடங்குவதற்கு முன், இலங்கையைப் பற்றி வேண்டாம், கார்கிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று காதோடு கேட்டுக்கொண்டார்கள். நான் கார்கிலைப் பார்த்ததே இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் கொடியின் நிறங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினேன்.

அந்தப் பணியில் மடிந்தவர்கள் சுமார் 1,200 பேர். நாங்கள் எந்த மண்ணில் போரிட்டோமோ அந்த இலங்கையே, தன் தலைநகர் கோட்டேயில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் நம் பிரதமர் அங்கே சென்று மலர்வளையம் வைத்தார். தில்லி தேசியப் போர் நினைவிடம் 2019-இல் திறக்கப்படும் வரை, நம் நாட்டில் அவர்களுடைய பெயர்களை ஒன்றாக வைத்துப் படிக்கத் தேசிய அளவில் ஓரிடம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் விதவைகளும் முன்னாள் வீரர்களும் தாங்களாகவே கூடித்தான் மலர் வைத்துவந்தார்கள்.

மேஜர் பரமேஸ்வரனைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்று தங்கள் கட்டுரையாளர் சொல்ல முடியாது. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்புப் படங்களைத் தாங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். இளம் அதிகாரிகள் தொப்பியைத் தூக்கி எறிந்து மகிழும் அந்த மைதானத்தின் பெயரே பரமேஸ்வரன் அணிவகுப்பு மைதானம். 2023 ஜனவரியில் அந்தமானின் பெயரற்ற 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது, அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அந்தச் செய்தியும் தங்கள் நாளிதழில்தான் நான் படித்தது. தீவுக்கு எட்டிய பெயர் தங்கள் அச்சுக்கோப்புக்கு எட்டாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நீண்ட கட்டுரையோ, தலையங்கமோ, மன்னிப்போ நான் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் விடுபட்ட அவருடைய முழுப் பெயரையும், எட்டாவது மகார் என்ற யூனிட்டின் பெயரையும், அவர் மறைந்த தேதியையும் திருத்தமாக வெளியிடுங்கள். படம் கிடைத்தால் அதையும் சேருங்கள். அடுத்த முறை பரங்கிமலை அணிவகுப்புப் படத்தை வெளியிடும்போது, படத்தின் கீழே மைதானத்தின் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இலங்கைப் பணியில் இருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.