பாறைக்குள் நிற்கும் பழைய பசளை

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது பெரிய ஆறுதல். சின்னவள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்தது எனக்கு இன்னும் சந்தோசம்.

கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று, அதாவது பசளையிலும் எருவிலும் கழிவிலும் உள்ள நைதரசன் மாறி வரும் உப்பு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைத் தடை வந்து, யூரியாவே இல்லாமல் வெங்காயம் வைத்த பிறகும் ஏன் குறையவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். என் பிழைப்பே இந்தக் கேள்விதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இங்கிலாந்தில் நான் பார்க்கும் கெனற் ஆறு சோக் என்ற மென்மையான சுண்ணப் பாறையில் ஊறி வந்து றெடிங்கில் தேம்ஸோடு சேர்கிறது. 1998இல் றெடிங் பல்கலைக்கழகத்தில் போல் வைற்ஹெட்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ‘இன்கா’ என்ற கணினி மாதிரியை வைத்துத்தான் வேலை. ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நீரேந்து பிரதேசத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காடு எவ்வளவு, புல்தரை எவ்வளவு, வயல் எவ்வளவு என்று சொல்லி, நாளாந்த மழை, வெப்பநிலை, போட்ட பசளை எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். பயிர் எடுத்தது, பற்றீரியா வாயுவாக்கிக் காற்றில் விட்டது, நிலத்தடிக்கு இறங்கியது, கடைசியில் ஆற்றுக்கு வந்தது என்று நாள் நாளாகக் கணக்குச் சொல்லும்.

காலநிலை மாறினால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல். மண் சூடானால் அதிலுள்ள மக்கு வேகமாகச் சிதைந்து நைத்திரேற்று கூடும். கோடையில் ஆறு மெல்ல ஓடினால் அடியில் இருக்கும் பற்றீரியாவுக்கு அதைத் தின்ன நேரம் கிடைக்கும். ஆனால் ஊர்க் கழிவுநீரைக் கரைக்கத் தண்ணீர் போதாது. வறட்சியில் பயிர் எடுக்காமல் விட்டது மண்ணிலேயே கிடந்து, முதல் பெருமழையோடு ஆற்றுக்குள் பாயும். 1976 வறட்சி முடிந்து மழை வந்தபோது தேம்ஸில் அதுதான் நடந்தது. ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இவற்றில் எது வெல்லும் என்று மனக்கணக்குப் போட முடியாது. மாதிரி தேவைப்படுவது அதற்குத்தான்.

ஆனால் கூட்டங்களில் எல்லாருக்கும் 2050இல் எவ்வளவு என்று ஒற்றை எண் வேண்டும். மாதிரிக்குள் வெவ்வேறு அளவுருக்களை, அதாவது நாங்கள் தேர்ந்து வைக்கும் எண்களை, வைத்தாலும் பழைய அளவீடுகளோடு ஒரேயளவு பொருந்தி வரும், எதிர்காலத்துக்குப் போனதும் அவை பிரிந்துவிடும் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்றால், மழை எப்படி மாறும் என்பதில் மினக்கெடுகிற அளவுக்கு நிலத்தடியில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதில் யாரும் மினக்கெடுவதில்லை என்றுதான் படுகிறது. சோக்கில் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நைத்திரேற்று வருடத்துக்கு ஏறத்தாழ 1 மீற்றர்தான் இறங்கும். நீர்மட்டம் 30 மீற்றர் ஆழத்தில் இருந்தால் கணக்கை நீயே போட்டுப்பார். தேம்ஸின் நைத்திரேற்று அளவுகள் 1868 முதல் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் உணவுக்காகப் புல்தரைகளை உழுதபோது ஒரு தடவை ஏறியது. 1970 அளவில் இன்னொரு தடவை ஏறியது, பிறகு பழைய மட்டத்துக்கு இறங்கவே இல்லை. இன்றைக்குப் பசளையை நிறுத்தும் கமக்காரன் ஆறு தெளிவதைப் பார்க்காமலே போகலாம்.

சரி, உன் கிணற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் செம்மண் மெல்லியது, கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். ஆழம் காணாத கிணறு என்று நிலாவரைக்குக் கூட்டிப்போனார்களே, அந்தப் பாறைதான். அங்கே தண்ணீர் முப்பது வருடம் காத்திருக்காது, மாரி மழையோடு கீழே போய்விடும். அதனால் பழைய யூரியாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தடைக் காலத்திலும் மாட்டெரு போட்டிருப்பாய், அதிலும் நைதரசன்தான். வீட்டு மலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்.

ஒரு உதவி செய். மாரிக்கு முன் ஒன்று, முதல் பெருமழைக்குப் பிறகு ஒன்று, பங்குனியில் ஒன்று எனத் தண்ணீர் எடுத்துச் சோதிப்பி. மழை பெய்த கையோடு ஏறினால் தோட்டத்திலிருந்து கழுவி வருவது என்று சந்தேகப்படலாம். வருடம் முழுக்க ஒரே அளவில் நின்றால் முதலில் குழிகளைப் பார்க்க வேண்டும். அதுவரை குழந்தைகளுக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். மச்சாளிடம் இதை மறக்காமல் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்